பீரும் ரொட்டியும் சரி, கணக்கு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரத்துத் தர்ம விடுதிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயின்ட் கிராஸ் விடுதியின் வாசலில் கேட்கும் வழிப்போக்கருக்கு இன்றும் கொம்புக் குவளையில் பீரும் ஒரு துண்டு ரொட்டியும் தருவதை உருகி உருகி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த ரொட்டிக்குப் பின்னால் இருந்த நிலபுலன்களின் கதையை விட்டுவிட்டார்.

13 ஏழை முதியவர்கள் தங்கிச் சாப்பிடவும், தினமும் 100 ஏழைகளுக்குச் சாப்பாடு போடவும் 1130களில் பிஷப் ஹென்றி ஆஃப் புளுவா நிறுவிய விடுதி இது. சொத்துக்குக் குறைவில்லை, கை வைக்கவும் ஆள் குறைவில்லை. வருமானத்தைச் சுருட்டிய தலைவர்களோடு 14ஆம் நூற்றாண்டிலேயே பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பெரிய கூத்து 1808இல் தொடங்கியது. வின்செஸ்டர் பிஷப் பிரவுன்லோ நார்த், தம் மகன் பிரான்சிஸையே விடுதித் தலைவராக்கினார். இவர்தான் பின்னாளில் கில்ஃபோர்டு பிரபு. விடுதி நிலங்களுக்கு ஆண்டுக் குத்தகை சொற்பம். ஆனால் குத்தகையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பெருந்தொகை ஒன்று கைமாறும். அது போனது தலைவரின் பைக்கு. கடை வாடகையைக் குறைத்து எழுதிவிட்டு மீதியைத் தனியாக வாங்குகிறார்களே, கிட்டத்தட்ட அதே வித்தை. கேட்டால் காட்ட ஒரு காகிதமும் இருந்தது: மிச்சமெல்லாம் தலைவருக்கே என்று 1696இல் எழுதிவைத்த 'வழக்காறு'. எழுதியவர்கள் யார்? அப்போதைய தலைவரும் விடுதிவாசிகளும்தான்!

வழக்கு நீதிமன்றம் போய், 1853இல் நீதிபதி ரோமில்லி அந்தக் காகிதத்தைத் தூக்கியெறிந்தார். பிரபு பதவியை விட்டது 1855இல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு! கருப்பு அங்கியும் சிவப்பு அங்கியுமாக அங்கே இன்றும் வாழும் முதியவர்களின் படங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய நீங்கள், இந்த வழக்குக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொன்று. அதே ஊரின் மேட்டில் மேரி மகதலேனாள் பெயரில் தொழுநோயாளர் விடுதி ஒன்று இருந்தது. அங்கே அகழாய்வில் கிடைத்த எலும்புகளில் சில 1066 நார்மன் படையெடுப்புக்கும் முந்தியவை. நோயுற்ற ஓர் இளைஞனைப் புனித யாத்திரையின் அடையாளமான சிப்பி ஓட்டோடு புதைத்திருக்கிறார்கள். அடுத்த பகுதியில் இதைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி