பந்திக்கு முந்தலாம், பந்துக்கு முந்தக் கூடாது

டேய் கண்ணா,

நீ அனுப்பின வீடியோவ நாலு தடவ பாத்துட்டேன். பாப்பா மஞ்ச ஜெர்சி போட்டு ஃபுட்பால் ஆடுறதுக்காக ஒரு தடவ, மீதி மூணு தடவ உன் கூத்த பாக்கறதுக்கு. அந்த எதிர் டீம் பையன் பால எடுத்துட்டு போனதும் "ஆஃப்சைடு ஆஃப்சைடு"ன்னு டல்லாஸே அதிர்ற மாதிரி கத்துற, அந்த ரெஃப்ரி பொண்ணு திரும்பி உன்ன ஒரு பார்வ பாத்துச்சு பாரு, இங்க உக்காந்துருக்க எனக்கே மானம் போச்சு. ஏழு வயசு பசங்க ஆட்டத்துல ஆஃப்சைடே கிடையாதுடா. சைடுக்கு நாலு பேரு, கோல காக்குற கோலி கிடையாது, தலையால முட்டக்கூடாது, பால் 3ம் நம்பர் சைஸு, எல்லாம் நீயே எனக்கு ஃபார்வர்டு பண்ணின அந்த ரூல்ஸ் பேப்பர்ல மொத பக்கத்துல இருக்கு. நான் படிச்சேன், நீ படிக்கல.

அம்மாவுக்கு எப்படி தெரியும்னு மருமக கேட்டாளாம். வியாசர்பாடில பொறந்தவள பாத்து கேக்குற கேள்வியா அது? ஃபுட்பால் பைத்தியத்துனால எங்க ஏரியாவ குட்டி பிரேசில்னு சொல்லுவாங்க, இந்தியாவுக்கு ஆடுற நந்தகுமார் சேகர் எங்க ஏரியா பையன் தான். உன் பெரிய மாமா ரைட் பேக்கு, அதாவது வலது பக்கம் நின்னு தடுக்கற ஆளா ஆடுவாரு, நான் தண்ணி குடத்தோட கோட்டு ஓரத்துல நிப்பேன், லைன்ஸ்மேன் வராத அன்னிக்கு என் கைல ஒரு துண்ட குடுத்து கொடி காட்ட சொல்லுவாங்க. நீ தான் கிரிக்கெட்டு கிரிக்கெட்டுன்னு இருந்துட்ட, நானும் சரி விடுன்னு விட்டுட்டேன்.

சரி இப்ப ஆஃப்சைட ஒழுங்கா கத்துக்கோ, ரெண்டு வருஷத்துல பாப்பாவுக்கு வந்துரும். டேபிள்ல ஒரு சொம்பு வை, அது கோலி. அதுக்கு முன்னாடி ஒரு டம்ளர், அது அவங்க பேக்கு. உப்பு டப்பா நம்ம பாப்பா, மிளகு டப்பா அவ ஃப்ரெண்டு, ஃப்ரெண்டு கால்ல பால். மிளகு பால உதைக்கிற அந்த நொடில உப்பு எங்க நிக்குதுன்னு பாரு. டம்ளர தாண்டி சொம்பு பக்கமா நிக்குது, பாலுக்கும் முன்னாடி நிக்குது, அப்புறம் அந்த பாலுக்கு ஓடி வாங்குதுன்னா ஆஃப்சைடு. டம்ளருக்கு நேரா நின்னா தப்பில்ல. நம்ம பாதி கிரவுண்டுல நின்னாலும் தப்பில்ல. சும்மா அங்க நின்னா மட்டும் குத்தம் கிடையாது, ஆட்டத்துல தலையிட்டா தான் விசில். எல்லாரும் கோட்ட விடுற இடம் ஒண்ணு இருக்கு, பால் வந்து சேரும்போது எங்க இருந்தான்னு பாப்பாங்க, அப்படி இல்ல, உதைக்கும்போது எங்க இருந்தான் அது தான் கணக்கு. அதனால தான் டிவில பாத்தா ஒருத்தன் பத்தடி முன்னாடி தனியா ஓடுற மாதிரி இருக்கும், ஆனா கொடி ஏறாது. ஓரத்துல இருந்து கையால போடுற த்ரோ, மூலைல வச்சு உதைக்கிற கார்னர், கோலுக்கு முன்னாடி வச்சு உதைக்கிற கோல் கிக்கு இந்த மூணுலயும் நேரா வர்ற பாலுக்கு ஆஃப்சைடு கிடையாது. பந்திக்கு முந்துன்னு பெரியவங்க சொன்னாங்க, பந்துக்கு முந்தாதன்னு இவங்க சொல்றாங்க, அவ்ளோ தான்.

அடுத்தது கோடு. கிரிக்கெட்ல பால் கயித்த தொட்டாலே ஃபோரு, அந்த பழக்கத்துல நீ இங்கயும் கோட்ட தொட்டதும் அவுட்டுங்கற. பால் முழுசா கோட்ட தாண்டணும், கோலுக்கும் அதே கணக்கு தான். 2022 உலகக்கோப்பைல ஜப்பானும் ஸ்பெயினும் ஆடுனாங்கல்ல, நம்ம ஊர் ராத்திரி பன்னெண்டரைக்கு, உங்க அப்பா குறட்டை விட்டுட்டு இருக்காரு, நான் டிவி சத்தத்த கொறச்சு வச்சு பாத்துட்டு இருக்கேன். மிடோமா கடைசி கோட்டுல இருந்து பால இழுத்து விட்டான், டனாகா உள்ள தள்ளிட்டான். பக்கத்துல இருந்து பாத்தா பால் வெளிய போன மாதிரியே இருக்கு, மேல இருந்து எடுத்த படத்துல பாத்தா ஒரு மயிரிழை கோட்டு மேல இருக்கு. கோல் குடுத்தாங்க, ஜப்பான் 2-1னு ஜெயிச்சு, அதுல அதே குரூப்புல இருந்த ஜெர்மனி பொட்டிய கட்டுச்சு. மறுநாள் காலைல அப்பாகிட்ட காபி டபரா வச்சு இத விளக்கி காட்டி, காபி ஆறிப்போய் திட்டு வாங்குனேன்.

மத்ததெல்லாம் சுலபம். பெரியவங்க ஆட்டத்துல சைடுக்கு 11 பேரு, 45 நிமிஷம் ரெண்டு பாதி, வீணான நேரத்த ரெஃப்ரி கடைசில சேத்துக்குவாரு. த்ரோ போடும்போது ரெண்டு காலும் தரைல இருக்கணும், ரெண்டு கையாலயும் தலைக்கு பின்னாடி இருந்து எடுத்து தலைக்கு மேல போடணும், பாதி பேரு கால தூக்கிருவாங்க. கோலிய தவிர யாரும் வேணும்னு கையால தொடக்கூடாது, கோலியும் கோலுக்கு முன்னாடி கோடு போட்ட பெட்டிக்குள்ள மட்டும் தான், அதுலயும் நம்ம ஆளே வேணும்னு கால்ல தட்டி குடுத்தா கையால எடுக்கக்கூடாது. 1990 உலகக்கோப்பைல பேக்கு கோலிக்கு, கோலி பேக்குக்குன்னு மாத்தி மாத்தி தட்டி நேரத்த ஓட்டுனாங்க, பாக்கறவனுக்கு தூக்கம் வந்துருச்சு, அதுக்கப்புறம் 1992ல இந்த ரூல கொண்டு வந்தாங்க. நல்ல வேல பண்ணாங்க. இப்ப 2025ல இருந்து கோலி 8 செகண்டுக்கு மேல பால கைல வச்சுருந்தா எதிர் டீமுக்கு கார்னர், அதுவும் சரி தான்.

பெட்டிக்குள்ள பெரிய ஃபவுல் பண்ணா பெனால்ட்டி, கோல்ல இருந்து 11 மீட்டர்ல வச்சு அடிக்கணும். மஞ்ச கார்டு எச்சரிக்கை, ரெண்டு மஞ்ச ஒரு சிவப்பு, வெளிய போனா பதிலுக்கு ஆள் இறக்க முடியாது. இந்த கார்டு ஐடியாவ கென் ஆஸ்டன்னு ஒரு இங்கிலாந்து ரெஃப்ரி ட்ராஃபிக் லைட்ட பாத்து புடிச்சாராம், 1970 மெக்ஸிகோ உலகக்கோப்பைல தான் மொத மொத காட்டுனாங்க. இத ஏன் உனக்கு சொல்றேன்னா, இப்பல்லாம் ஓரத்துல நின்னு சத்தம் போடுற கோச்சுக்கும் கார்டு உண்டு. அப்பாமார்களுக்கு இல்ல, ஆனா அந்த பொண்ணு பாத்த பார்வைக்கு ஒரு மஞ்ச கார்டே தேவல.

சனிக்கிழமை போகும்போது பாப்பாவுக்கு முழங்காலுக்கு கீழ அடிபடாம போடுற ஷின் கார்டு போட்டு அது மேல சாக்ஸ இழுத்து விடு, போன தடவ சாக்ஸுக்கு வெளிய தொங்கிட்டு இருந்துச்சு. போன படுக்க வச்சு வீடியோ எடு, நிமித்தி எடுத்தா கோல் போஸ்ட்டே தெரியல. பாப்பா இடது கால்லயும் தட்டுறா, கவனிச்சியா? பெரிய மாமாகிட்ட காட்டுனேன், கண்ணாடிய கழட்டி தொடச்சுட்டு இன்னொரு தடவ போட சொன்னாரு.

அம்மா