ஊற்றுக்கு மேலே நிற்கும் பைனஸில் தொடங்குங்கள்: வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலங்கையின் ஊவா மலைப்பக்கத்தில், அப்புத்தளை, ஹல்துமுல்ல, பண்டாரவளை, எல்ல பக்கம் வாழ்கிறவர்களுக்கு ஆடி பிறந்தாலே மனதில் ஒரு பதைப்பு வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிற காலம் அது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் வாசனை அந்தக் காற்றில்தான் கூடுகிறது. பைனஸ் என்கிற ஊசியிலை மரக் காடு பற்றி எரிவதும் அதே காற்றில்தான். ராத்திரியில் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் இளைஞர்களும் கிராமத்து ஆட்களும் பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு மேலே ஓடுகிறார்கள்.

ஒவ்வொரு தீக்குப் பிறகும் இரண்டு குரல்கள் கேட்கும். பைனஸ் முழுவதையும் வெட்டித் தள்ளு என்று ஒன்று. மரம் மரம்தான், கை வைக்காதே என்று மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பைனஸை இடையிடையே எடுத்து, அந்த இடத்தில் நம் நாட்டு மரங்களை நடுங்கள் என்பதே என் கோரிக்கை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் மலைநாட்டில் கரீபியன் பைனஸைப் பெரிய அளவில் நட்டபோது, அந்தச் சரிவுகளில் பல வெறும் மானா என்கிற முரட்டுப் புல்லும் கைவிட்ட தேயிலையுமாகக் கிடந்தன. மேல்மண் மழையோடு போய்விட்டிருந்தது. மகாவலியின் நீர்த்தேக்கங்களில் வண்டல் சேரும் என்ற கவலையும் இருந்தது. வேறு மரம் பிடிக்காத மண்ணில் பைனஸ் பிடித்தது, சீக்கிரம் வளர்ந்தது, சரிவை மூடியது. அன்றைக்கு நட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முதல் வேலையை முடித்துவிட்ட மரத்தை நட்ட நெருக்கத்திலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய கேள்வி.

காட்டுக்குள் போய்க் குனிந்து பாருங்கள். ஊசியிலைகள் மெத்தை போலக் கிடக்கின்றன. சீக்கிரம் மக்காது. மேலே ஒரு தூறல் விழுந்த பிறகும் கையை உள்ளே விட்டால் அடியில் சருகு காய்ந்தே இருக்கும், விரலில் பிசின் வாசனை ஒட்டும். இந்த மெத்தைக்குள் தீ இறங்கினால் அணைத்த இடத்திலேயே மறுபடி கிளம்பும். வருடா வருடம் எரியும் சரிவில் மானாப் புல்லைத் தவிர வேறொன்றும் தலையெடுப்பதில்லை. தீ போகாத ஈரப் பள்ளங்களில், பக்கத்தில் இயற்கைக் காடும் இருந்துவிட்டால், குருவிகள் போட்ட விதையிலிருந்து நம் நாட்டுச் செடிகள் பைனஸுக்கு அடியிலேயே எழும்பி நிற்கின்றன. அதே பைனஸ்தான், அதே மலைதான். தீ நின்று விதையும் வந்தால் மற்றதைக் காடே பார்த்துக்கொள்கிறது.

தண்ணீர் பற்றி ஊரில் பேசுவது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பைனஸ் வந்த பிறகு ஊற்று நீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் மெலிந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எல்லா ஊற்றுக்கும் பைனஸ்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் என்றும் பசுமையான நெருக்கமான மரக்கூட்டம் மழையில் ஒரு பங்கைத் தலையிலேயே தாங்கி ஆவியாக விடுகிறது, வேரால் உறிஞ்சுவதும் புல்வெளியைவிட அதிகம். வரட்சி மாதங்களில் அது கீழே தெரியத்தானே செய்யும்? இடையிடையே மரங்களை எடுத்து நெருக்கத்தைக் குறைத்தால் மண்ணில் இறங்கும் நீர் கூடும்.

அப்படியானால் வெட்டித் தள்ளிவிடலாமே என்பார்கள். 2014 ஒக்டோபர் 29-ஐ மறந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் அன்று சரிந்தது தேயிலைத் தோட்டத்து மலை, பைனஸ் காடு அல்ல. இருந்தாலும், மண் சரிந்தால் லயங்களுக்கு என்ன நடக்கும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெட்டிய மரத்தின் வேர் சில வருடங்களில் மக்கி மண்ணைப் பிடி விட்டுவிடும். புதிய கன்றின் வேர் அதற்குள் ஆழம் போயிருக்காது. செங்குத்தான சரிவை ஒரேயடியாக மொட்டையடிப்பது அந்த இடைவெளியை நாமே உண்டாக்குவதுதான்.

வழி வெளியில் எங்கும் இல்லை, நம் சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. அங்கே நின்ற பைனஸ் தோப்பில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக இருவரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் ஒரு சோதனை செய்தார்கள். வரிசை வரிசையாக நின்ற பைனஸில் சில இடங்களில் ஒரு வரிசையையும் சில இடங்களில் மூன்று வரிசைகளையும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஹொர, நாக மரம் முதலிய மழைக்காட்டு மரங்களை நட்டார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக வளர்ந்தன. முடிவுகள் 1997-லேயே வெளியாகிவிட்டன. மீதி பைனஸ் நிழலும் கொடுத்தது, மண்ணையும் பிடித்து நின்றது. வெட்டியெடுத்த மரம் பலகைக்கும் ஆகும். 1990 முதல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை இருக்கிற நாட்டில் இது சின்ன விஷயமா?

ஆனால் சிங்கராஜத்து மரங்களை அப்படியே ஊவாவுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது ஈரமான தாழ்நிலம், எங்கள் பக்கம் வருடத்தில் பல மாதம் காய்கிறது. பத்தனை என்கிற எங்கள் வரண்ட புல்வெளிச் சரிவுகளுக்கென்று மரங்கள் உண்டு: நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை. புல்வெளியின் தீயைத் தாங்கிப் பழகிய மரங்கள் இவை. நெல்லியும் கடுக்காயும் தான்றியும் சேர்ந்தால் திரிபலா, ஆயுர்வேதக் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஈரப் பள்ளங்களில் கித்துல் வைக்கலாம். வெட்டும் வேலையைக் காற்று அடங்கிய பிறகு, புரட்டாதிக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கழித்த கொப்புகள் ஆடிக் காற்றில் தரையில் கிடந்தால் அதுவே தீக்கு விறகு. ஐப்பசி மழையோடு கன்று நட்டால் அடுத்த வரட்சிக்குள் வேர் பிடித்துவிடும்.

பிசின் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டையைச் சீவி, அமிலக் கலவை தடவி, கீழே பொலித்தீன் பை கட்டி எடுக்கிறார்கள். டர்பன்டைனும் ரோசினுமாகப் பிரிந்து பெயின்ட், பசை, சவர்க்காரம் என்று போகிறது. நல்ல வருமானம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சீவிய முகம் முழுக்கப் பிசின் ஊறியிருக்கும். தீ வந்தால் அந்த வழியாகத்தான் மரத்தில் ஏறும். ஆகவே பிசின் எடுக்கக் குத்தகை கொடுக்கும்போதே, மரத்தைச் சுற்றிச் சருகைக் கூட்டி அகற்றுவதும் ஆடிக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் குத்தகைக்காரர் பொறுப்பு என்று எழுதுங்கள். கூட்டிய சருகைச் சும்மா விட வேண்டாம். இந்தியாவின் உத்தராகண்டில் பைன் சருகை அழுத்தி எரிகட்டி செய்கிறார்கள், இங்கேயும் செய்யலாம்.

அந்த வேலைக்கும் வருமானத்தில் ஒரு பங்குக்கும் பக்கத்து ஊராரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரார் என்றால் தோட்டத்து லயங்களில் இருப்பவர்களும்தான். நிலப் பத்திரம் இல்லை, கிராமச் சங்கத்தில் பெயர் இல்லை என்று அவர்களை வெளியில் நிறுத்திவிட்டால், தீயணைக்க முதலில் ஓடுகிறவர்களையே வெளியில் நிறுத்தியதாகிவிடும். கூட்டத்துக்கான அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் கேட்கவில்லை. குடிநீர் ஊற்றுகளுக்கு மேலே நிற்கும் பைனஸ் சரிவுகளை முதலில் பட்டியலிடுங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டு, பாதுகாப்பான சரிவு ஒன்றில் மூன்று வரிசை எடுத்துத் தொடங்குங்கள். பீலியில் வரும் தண்ணீரை வாளி வைத்து அளந்து மாதாமாதம் எழுதி வைக்க எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போதும். வருகிற ஐப்பசிக்கு முன் உங்கள் கள உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பினால், எந்த ஊற்று எங்கே இருக்கிறது என்று காட்ட நாங்கள் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
ஹல்துமுல்லப் பக்கத்து மலையகவாசி ஒருவர்