எக்ஸ்ரே சொல்வதும் சொல்லாததும்

ஆசிரியருக்கு,

பழைய ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் ஈய வெள்ளை, வெர்மிலியன் (பாதரசம் கலந்த சிவப்பு) போன்ற கனமான நிறமிகள்தான் கதிரைத் தடுத்து வெளுப்பாகப் பதியும். கரிக் கறுப்பு அநேகமாகத் தெரியாது. அதற்கு அகச்சிவப்புப் படம் வேண்டும். எக்ஸ்ரே கருவியின் மின்னழுத்தத்தைத் தேவைக்கு மேல் கூட்டினால் மெல்லிய பூச்சுகளின் வேறுபாடு மங்கிவிடும். பின்புறக் கட்டைச் சட்டமும் ஆணிகளும் வேறு குறுக்கே விழும்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில், கடிதம் படிக்கும் பெண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்த கியூபிட் என்ற காதல் தெய்வத்தின் உருவத்தை எக்ஸ்ரே 1979இலேயே காட்டியது. வெர்மீரே மறைத்துவிட்டார் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2017இல் தொடங்கிய சீரமைப்பின்போது நடந்த ஆய்வில், கியூபிட்டுக்கும் மேற்பூச்சுக்கும் நடுவே அழுக்குப் படலம் இருந்தது தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் பூசியதுதான் அந்த மேற்பூச்சு! எல்லா அடுக்குகளும் ஒரே நிழலாக விழும் எக்ஸ்ரேயில் இந்த இடைவெளி தெரிய வழியே இல்லை.

– ஓவியப் பாதுகாப்புத் துறை வாசகர்கள்