ஒத்திகைக்கு வந்து நின்றவர்களுக்கு நன்றி

மும்பை சீத்தா கேம்ப் மக்களுக்கும், அன்று நம் சந்துகளுக்குள் வந்த அதிகாரிகளுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் வணக்கம்.

விஷவாயுக் கசிவு ஒத்திகை நல்லபடியாக முடிந்தது. ட்ராம்பே, மாகுல் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அக்கம்பக்கம்தான். ஆலைக்கு வெளியே ஆபத்து பரவினால் என்ன செய்வது என்ற திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்கச் சொல்கின்றன, போபாலுக்குப் பிறகு வந்த, அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989 விதிகள். ரசாயன விபத்துகள் பற்றிய 1996 விதிகள் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழு வேண்டும் என்கின்றன. சரி, காகிதத்தில் உள்ளது நம் வாசலுக்கு வர ஆள் வேண்டுமே!

முதல் நன்றி மாநகராட்சி ஆரோக்கிய சேவிகைகளுக்கு, அதாவது சுகாதாரப் பணிப் பெண்களுக்கு. நடக்க முடியாதவர், ஆஸ்துமாக்காரர், பிரசவம் நெருங்கியவர் என்று வீடுவீடாக ஏறி இறங்கிப் பட்டியல் எடுத்தார்கள். அது இல்லாவிட்டால் மாடி அறையில் படுத்திருக்கும் பாட்டியை யார் நினைத்திருப்பார்கள்? ஸ்ட்ரெச்சர் சந்தில் திரும்பவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் இடுப்பைக் கட்டி, பையன்கள் தூக்கிப் போனார்கள். பாட்டி வழிநெடுக அவர்களைத் திட்டிக்கொண்டே போனார். மூச்சு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

அப்புறம் அந்தத் தீயணைப்பு அதிகாரி. காற்றின் திசைக்கு எந்தக் கருவியையும் தேடவில்லை. மாடிக் கொடியில் காய்ந்த லுங்கியைக் காட்டினார். அது ஆலைப் பக்கமிருந்து நம் பக்கம் பறந்தால், காற்றோடும் ஓடக்கூடாது, எதிர்த்தும் போகக்கூடாது; குறுக்கே விலக வேண்டும். வெளியேற முடியாவிட்டால் கதவு, ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணி. குளோரின் காற்றைவிடக் கனம், தரையோடு வரும். மேல்மாடிக்கு ஏற வேண்டும். 2010-இல் இதே மும்பையில் சிவ்ரி துறைமுகப் பகுதியில் கசிந்தது அதுதான். அமோனியா கண்ணில் பட்டால் கசக்காமல் 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மைக்கில் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறி அறிவித்த பெண்களுக்கும், வண்டியை ஓரம்கட்டி வழிவிட்ட ஆட்டோக்காரர்களுக்கும் நன்றி.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். போபாலில் வாயு கசிந்தது 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, ஊர் தூங்கும் நேரத்தில். நாம் பழகியது பகல் 11 மணிக்கு, ஆண்கள் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தபோது. அடுத்த ஒத்திகையை ராத்திரியில் வையுங்கள். டீ எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
சீத்தா கேம்ப் தெருக் குழுவினர்