ஓடாத இணையத்துக்கு ஓடிவரும் பில்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
வாடகை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, செங்காங், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஃபைபர் இணைப்பு வேலை செய்யாதது, அடையாள எண்ணை மாற்ற மறுப்பது, கவுன்ட்டர் ஊழியரின் நடத்தை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஹாட்லைனில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் இல்லை என்கிறார். மின்னஞ்சல் போட்டால் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று எந்திரம் பதில் போடுகிறது. அலுத்துப்போய்த்தான் இதை எழுத்தில் வைக்கிறேன். தமிழில் எழுதக் காரணம், தங்கள் கவுன்ட்டரில் நான் வாங்கிய பாட்டு முழுவதும் தமிழில்தான் கிடைத்தது.

ஐபிஏ எனும் வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் காட்டி, 24 மாத ஒப்பந்தத்தில் ஃபைபரும் கைப்பேசி எண்ணும் எடுத்தேன். எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை அனுமதி அட்டை கையில் இல்லாததால் விற்பனையாளர் பாஸ்போர்ட் எண்ணையே அடையாள எண்ணாகப் பதிந்தார். “அட்டை வந்ததும் கொண்டாங்க, ஃபின் எண்ணுக்கு மாத்திடலாம், ரெண்டு நிமிஷ வேலை” என்றார். ஃபின் என்பது வெளிநாட்டவருக்கு இங்கே தரும் அடையாள எண். அட்டை வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அந்த இரண்டு நிமிடம் இன்னும் முடியவில்லை.

மாற்றக் கேட்டுப் போனபோது, கடைத்தொகுதிக் கிளையில் இருந்த தங்கள் ஊழியர் என் பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எண் மாத்துறது இல்லை, உரிமை மாற்றம். கொடுக்கிறவர், வாங்குகிறவர் ரெண்டு பேரும் நேர்ல வரணும்” என்றார். கொடுப்பவனும் நான், வாங்குபவனும் நான். அதைச் சொன்னதற்கு, “நீங்க புதுசா வந்திருக்கீங்க. இங்க எல்லாத்துக்கும் முறை இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசை எண்ணை அழைத்தார். எந்த முறை ஐயா? பெயர், பிறந்த தேதி, படம் மூன்றும் பாஸ்போர்ட்டிலும் அட்டையிலும் ஒன்றுதான். ஒரே ஆளை இரண்டு ஆளாகப் பார்க்கும் முறை எந்த விதியில் இருக்கிறது என்று தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.

ஃபைபர் கதை இன்னும் மோசம். டிவி அலமாரிக்குப் பின்னால், வெளியிலிருந்து வரும் ஃபைபர் இழை வந்து முடியும் டிபி பெட்டியில் இரண்டு போர்ட் (செருகும் துளை) உண்டு. முதல் போர்ட்டில் முன்பு குடியிருந்தவருடைய இணைப்பு, வேறொரு நிறுவனத்தின் பெயரில், இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் ரத்து செய்யாமலே ஊருக்குப் போய்விட்டார். வாடகை வீடுகளில் இது அன்றாடம் நடப்பது, உங்களுக்குத் தெரியாததல்ல. வீடுகளுக்கு ஃபைபர் இழை போடும் நெட்லிங்க் டிரஸ்டுக்கு அனுப்பும் ஆர்டரில் இரண்டாம் போர்ட் என்று குறித்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். நீங்கள் முதல் போர்ட்டுக்கே ஆர்டர் போட்டீர்கள். அது திரும்பி வந்ததும், “பழைய வாடகைக்காரரைக் கூப்பிட்டு ரத்து செய்யச் சொல்லுங்க” என்று ஹாட்லைனில் எனக்கு உபதேசம். முகமே தெரியாத ஆளை நான் எந்த நாட்டில் போய்த் தேடுவது?

கெஞ்சிக் கூத்தாடி இரண்டாம் போர்ட்டுக்கு மாற்றிய பிறகு வந்த டெக்னிஷியன், நீலத் தலை வயர் ஒன்றை மாட்டினார். டிபியில் இருப்பது பச்சைத் தலை. பச்சை என்றால் ஏபிசி, முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. நீலம் யுபிசி, சாய்வில்லாதது. இரண்டையும் சேர்த்துச் செருகினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். விளைவு: இழையின் ஒளியை இணையமாக மாற்றும் ஓஎன்டி பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பு, இணைப்பு கிடைத்ததைக் காட்டும் பிஓஎன் விளக்கு அணைந்தே கிடக்கிறது. அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே அவர் ‘வேலை முடிந்தது’ என்று கைப்பேசியில் அழுத்திவிட்டுப் போனார். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பில் மட்டும் ஓடத் தொடங்கிவிட்டது.

பழுது என்று அழைத்தால், ரவுட்டரை 30 வினாடி அணைத்துப் போடச் சொல்கிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டால் இழையில் ஒளி ஊறுமா? உங்கள் பொருளைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருப்பதுதான் வேதனை.

சரி, வேண்டாம் என்று விலகலாமென்றால் அதற்கும் வழியில்லை. எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு நிறுவனம் மாறும் வசதி 2008 முதல் இங்கே இருக்கிறது. ஆனால் இரு நிறுவனத்திலும் அடையாள எண் ஒத்துப்போக வேண்டும். உங்களிடம் பாஸ்போர்ட் எண், புது நிறுவனத்தில் ஃபின் எண். ஆகவே விண்ணப்பம் நிராகரிப்பு. எண்ணை விட்டுவிடவும் முடியாது. சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளம்), வங்கி ஓடிபி, பேநவ் (பணம் அனுப்பும் வசதி) எல்லாம் அதில்தான். புது நாட்டில் முதல் வருடம் ஒருவனுக்குக் கைப்பேசி எண்தான் பாதி அடையாளம். அதைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, “வேணும்னா புதுக் கணக்கு திறங்க, பழசுக்கு மீதி மாத அபராதம் கட்டுங்க” என்றார் அதே கவுன்ட்டர்காரர். ஆம், அவரேதான். மறுபடி போனபோதும் அவரிடமே மாட்டினேன்.

இதனால் எங்கள் குடும்பத்தின் முதல் வருடமே பாழ். கூடுதல் டேட்டா கட்டணம், வீட்டிலிருந்து பார்க்க முடியாமல் போன வேலை, பிள்ளையின் படிப்பு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) குறையாது. இந்தத் தொகையை யோசித்துத்தான் எழுதுகிறேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் மனுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, உங்களுக்கும்தான்.

அதுவரை போக எனக்கும் விருப்பமில்லை. தங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் போர்ட்டுக்கு ஆர்டரை மாற்றித் தந்த அம்மையாருக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். நான் கேட்பது பெரிதல்ல. பச்சைத் தலை வயரோடு ஒரு டெக்னிஷியனை அனுப்புங்கள். அவர் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் அளந்து, மைனஸ் 27 டிபிஎம்மைவிட (ஒளி பலத்தின் அலகு) நல்ல அளவு வருவதைக் காட்டிவிட்டு, பிஓஎன் விளக்கு பச்சையாக நின்றபின் கையெழுத்து வாங்கட்டும். அன்றிலிருந்துதான் பில் தொடங்க வேண்டும். அதற்கு முந்தையது எல்லாம் ரத்து. கைப்பேசி, ஃபைபர் இரண்டு கணக்கிலும் ஃபின் எண்ணைப் பதிந்து தாருங்கள். அதைச் சாக்காக வைத்து 24 மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கவுன்ட்டர் ஊழியரின் எழுத்துப்பூர்வமான விளக்கமும் எனக்கு வேண்டும்.

14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்கும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்கும் இதே கடிதம் போகும். பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தயவுசெய்து கிளைக்கு வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பாஸ்போர்ட், பாஸ் அட்டை நகல்கள், ஒப்பந்தம், பில்கள், சிவப்பு விளக்கும் நீலத் தலை வயரும் தெரியும் படங்கள்.