மிக்னியூஃப்: முதல் நாளை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இரண்டாம் உலகப் போர்க் கட்டுரையில் போலந்தின் மிக்னியூஃப் கிராமத்துக்கு ஒரே ஒரு வரி கிடைத்திருந்தது. போராளிகள் ரயிலைத் தாக்கியதற்குப் பழிவாங்க நாஜிகள் ஊரை எரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதிதான் சரி.

அந்த ஊர் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே பல விஷயம் விளங்கும். கியெல்ட்சே நகருக்கு வடக்கே, புனிதச் சிலுவை மலைகளின் பக்கம், காட்டை ஒட்டிய சின்ன ஊர். கியெல்ட்சேயிலிருந்து ஸ்கார்ஷிஸ்கோ போகும் ரயில் பாதையும் பக்கத்திலேயே. காட்டுக்குள் விக்குஸ் என்ற இடத்தில் 'பொனூரி' என்று அழைக்கப்பட்ட போலந்துப் போராளித் தலைவர் யான் பிவ்னிக்கின் படை முகாமிட்டிருந்தது. இவர் 1941இல் பிரிட்டனிலிருந்து விமானத்தில் வந்து பாராசூட்டில் இறங்கியவர். அவருடைய ஆட்களுக்கு மிக்னியூஃப் மக்கள் சோறு போட்டார்கள், தங்க இடம் கொடுத்தார்கள். இது ஜெர்மானியர் காதுக்குப் போய்விட்டது. படைக்குள்ளேயே ஓர் உளவாளி இருந்தான்.

1943 ஜூலை 12 அதிகாலையில் ஜெர்மானியர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களைப் பிடித்துக் களஞ்சியங்களில் அடைத்து, உயிரோடு தீ வைத்தார்கள். மொத்தத்தில் இறந்த ஆண்களில் பெரும்பாலோர் அன்றே இறந்துவிட்டார்கள். நீங்கள் காரணமாகச் சொன்ன ரயில் தாக்குதல் அதுவரை நடக்கவில்லை. செய்தி கேட்டு அன்றிரவுதான் பொனூரியின் ஆட்கள் ரயிலை மறித்து, அதில் வந்த ஜெர்மானியரைச் சுட்டு, பெட்டிகளில் 'மிக்னியூஃபுக்காக' என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஜெர்மானியர் திரும்பி வந்தார்கள். இந்தமுறை பெண்களும் குழந்தைகளும். பிறந்து ஒன்பதே நாளான ஒரு கைக்குழந்தையையும் விடவில்லை. ஊரில் மிச்சமிருந்த வீடுகளையும் கொளுத்தினார்கள். திரும்ப வீடு கட்டக் கூடாது, நிலத்தை உழக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள்.

இரண்டு நாளில் 204 பேர்: 102 ஆண்கள், 54 பெண்கள், 48 குழந்தைகள்.

முதல் நாளை விட்டுவிட்டு எழுதினால், போராளிகள் சும்மா இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். எரிந்துபோன அந்த ஆண்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது. ரயிலைத் தாக்கியது சரியா தவறா என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் நடந்த வரிசை தெரிந்த பிறகுதானே அந்த வாதமே!

வார்சாவையும் ஆஷ்விட்ஸையும் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுகின்றன, எழுதத்தான் வேண்டும். போலந்தில் நூற்றுக்கணக்கான கிராமங்களும் இப்படித் தண்டிக்கப்பட்டன. அவர்களுக்கான நினைவகம் மிக்னியூஃபில்தான் இருக்கிறது. 2021இல் திறந்த புதிய கட்டடம், வரிசையாக நிற்கும் குடிசைகள் போல முழுசாகத் தொடங்கி, போகப் போகப் பிளந்து சிதைந்துகொண்டே போகும். ஜூலை 12ஐத்தான் போலந்து தன் கிராமங்களின் போராட்டத்துக்கும் தியாகத்துக்குமான தேசிய நாளாக அனுசரிக்கிறது.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். முடிந்தால், காடும் ரயில் பாதையும் தெரிகிற மாதிரி ஒரு சின்ன வரைபடமும் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி