அரசு நிறுத்திய ரேங்க், வீட்டில் தொடர்கிறது

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் வீடுகளில் அது நிற்கவில்லை. முடிவு வந்த அரை மணி நேரத்தில் சித்தி, மாமா, எதிர்வீடு என்று வரிசையாகப் போன். "எவ்வளவு மார்க்?"

போன வருடம் என் மகள் 412 எடுத்தாள். "பெரியம்மா பொண்ணு 540 வாங்கியிருக்கா" என்று நான்தான் வாய்விட்டேன். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டில் கை வைத்தபடியே இருந்தாள். ரசம் ஆறிப் போனது. அப்புறம் இரண்டு நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. அந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை.

முடிவு நாளில் ஒப்பிட்டுப் பேசவே வேண்டாம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே பெரிய ஆறுதல். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, "நான் எதுக்கு இருக்கணும்" என்ற பேச்சு வந்தால் நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். 104, 14416 எண்களில் மனநல ஆலோசனை இலவசம், பெற்றோரும் பேசலாம். நான் பேசினேன்.

அடுத்த முறை, அதிக மார்க் வாங்கியவர்களின் படங்களுக்குப் பக்கத்திலேயே இந்த எண்களையும் பெரிய எழுத்தில் போடுங்கள் ஐயா.

ஒரு தாய்,
திண்டுக்கல்